தமிழ்த் திரைப்படச் சுவரொட்டி ஓவியம்

தமிழ்த் திரைப்படச் சுவரொட்டி ஓவியம் என்பது, திரைப்படங்களை விளம்பரப்படுத்தும் பொருட்டுக் கையால் வரையப்பட்ட சுவரொட்டிகளையும், அவற்றோடு ஒரே மரபைச் சேர்ந்த துணிப் பதாகைகளையும் கட்-அவுட்டுகளையும் குறிக்கும். பேசும்படக் காலத்தில் சென்னையை மையமாகக் கொண்டு வளர்ந்த இக்கலை, ஃபிளெக்ஸ் எனப்படும் நெகிழிப் பதாகை அச்சு பரவிய சில ஆண்டுகளுக்குள், ஏறத்தாழ 2000-களின் நடுப்பகுதியில், வாழ்க்கைத் தொழில் என்ற நிலையை இழந்தது. 2010-களில் இருந்து இந்தியாவிலும் பிற நாடுகளிலும் கையால் வரையப்பட்ட சுவரொட்டியின் தோற்றம் மீண்டும் விரும்பப்படுகிறது. இதனை மறுமலர்ச்சி என்று பலர் அழைக்கின்றனர். எனினும் மீண்டு வந்திருப்பது தோற்றமா, தொழிலா என்பது பிரித்துப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

இவ்வோவியங்களின் பார்வையாளர்களுள் முதன்மையானோர் உழைக்கும் மக்கள் ஆவர். எனவே துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த வடசென்னை, இக்கலையின் வரலாற்றில் தனியே கவனிக்கத்தக்கது.

தோற்றம்

முதல் தமிழ்ப் பேசும்படமாகக் கருதப்படும் காளிதாஸ், 1931 அக்டோபர் 31 அன்று சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த கினிமா சென்ட்ரல் திரையரங்கில் வெளியானது. இவ்வரங்கு பின்னர் முருகன் தியேட்டர் என்று பெயர் மாற்றம் பெற்றது. அங்கிருந்து வடக்கே சிறிது தொலைவில் இராயபுரமும் வண்ணாரப்பேட்டையும் தொடங்குகின்றன. அக்காலத்தில் படத்தைப் பற்றிய செய்தி பெரும்பாலும் துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், வண்டியில் கட்டி ஊரைச் சுற்றி வந்த தட்டி ஆகியவற்றின் வழியாகவே மக்களைச் சென்றடைந்தது. மூங்கில் சட்டத்தில் பாயைக் கட்டி அதன்மேல் சுவரொட்டியை ஒட்டுவதே தட்டியாகும். எழுத்தறிவு குறைவாக இருந்த காலம் அது. ஆகவே யார் நடிக்கிறார், கதை சோகமா வீரமா என்பதைப் படமே சொல்லியாக வேண்டியிருந்தது.

பெரிய அளவிலான விளம்பரத்துக்கு வழிகாட்டியவர் ஜெமினி ஸ்டுடியோவின் எஸ். எஸ். வாசன் ஆவார். 1948 ஏப்ரல் 9 அன்று வெளியான சந்திரலேகாவுக்கு அவர் செய்த விளம்பரம், அதுவரை தென்னிந்தியத் திரையுலகம் காணாத அளவினது. நாட்காட்டி ஓவியங்களாலும் இதழ் அட்டைகளாலும் புகழ்பெற்றிருந்த கே. மாதவன் போன்ற ஓவியர்கள் திரை விளம்பரத்திலும் பணியாற்றினர். இரவிவர்மா வழிவந்த எண்ணெய் வண்ணச் சாயலும் நாடக மேடைத் திரைச்சீலைகளின் மரபும் இவ்வாறு திரைப்பட விளம்பரத்தில் வந்து கலந்தன.

1957-இல் சிவாஜி கணேசன் நடித்த வணங்காமுடி திரைப்படத்துக்காகப் புதுப்பேட்டை சித்ரா திரையரங்கில் மோகன் ஆர்ட்ஸ் நிறுவனம் 80 அடி உயரக் கட்-அவுட் ஒன்றை நிறுத்தியதாகக் குறிப்பிடப்படுகிறது. ஒட்டுப்பலகையை உருவத்தின் விளிம்பை ஒட்டி வெட்டி, வண்ணம் தீட்டி, சாரத்தில் நிறுத்துவதே கட்-அவுட். பதாகையில் நடிகர் ஒரு சட்டத்துக்குள் அடங்குகிறார். கட்-அவுட்டிலோ வானமே பின்னணியாகிவிடுகிறது. அரசியல் கட்சிகள் இவ்வடிவத்தை விரைவில் எடுத்துக்கொண்டதற்கு இத்தோற்றம் ஒரு காரணம் எனலாம். 1991-96 காலப்பகுதியில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவுக்குச் சென்னைச் சாலைகளில் வைக்கப்பட்ட கட்-அவுட்டுகள் இம்மரபின் உச்சம். ஒரே பட்டறை காலையில் நடிகரையும் மாலையில் தலைவரையும் வரைந்தது. பல வேளைகளில் இருவரும் ஒருவராகவே இருந்தது தமிழகத்தின் தனித்தன்மை.

வரையும் முறை

சுவரொட்டிக்கும் பதாகைக்கும் செய்முறை வேறு. சுவரொட்டிக்கான மூல ஓவியம் சிறியது. தொடக்கக் காலக் கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ வரைய வேண்டியிருந்தது. பின்னர் ஓவியத்தைப் படம்பிடித்து நிறம் பிரிக்கும் ஆஃப்செட் முறை வந்தது. அச்சுத்தொழிலில் வளர்ந்த சிவகாசி, தமிழ்த் திரைப்படச் சுவரொட்டிகள் பெருமளவில் அச்சாகும் நகரமானது.

பதாகையோ அச்சுக்கே போகாதது, ஒவ்வொன்றும் மூலப்படி. தயாரிப்பு நிறுவனம் தரும் நிழற்படங்களுள் சிலவற்றைத் தலைமை ஓவியர் தேர்ந்தெடுப்பார். காடாத் துணியை மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டி, பசை கலந்த வெள்ளைப் பூச்சு கொடுக்கப்படும். வண்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து வண்ணம் ஆயத்தமாகும். நிழற்படத்தின் மேல் கட்டங்கள் கீறி, அதே எண்ணிக்கையிலான பெரிய கட்டங்களைத் துணியில் கீறுவர். எடுத்துக்காட்டாக, 6 அங்குல உயரமுள்ள நிழற்படத்தை அரை அங்குலக் கட்டங்களாகப் பிரித்தால் உயரவாக்கில் 12 கட்டங்கள் கிடைக்கும். 24 அடிப் பதாகையில் அவை ஒவ்வொன்றும் 2 அடி. உருப்பெருக்கம் 48 மடங்கு. சில பட்டறைகளில் கட்டத்துக்கு மாற்றாக, இரவில் ஒளிப்படக்காட்டியால் உருவத்தைத் துணியில் விழச் செய்து கோடு இழுக்கும் முறையும் இருந்தது.

வேலைப் பகிர்வு கண்டிப்பானது. முகத்தைத் தலைமை ஓவியரே வரைவார். உடை, அணிகலன், பின்னணி ஆகியன அடுத்த நிலையினருக்கு உரியவை. எழுத்துக்குத் தனி ஆள். புதிதாகச் சேர்ந்த சிறுவன் தூரிகை கழுவி, வண்ணம் குழைத்து, கட்டம் கீறிச் சில ஆண்டுகளைக் கழித்த பின்னரே தூரிகையைப் பிடிக்க முடியும். கலைக் கல்லூரியில் பயின்றவர்களும் இத்தொழிலில் இருந்தனர். ஆயினும் பெரும்பான்மையினருக்குப் பட்டறையே பள்ளி.

அருகில் நின்று பார்த்தால் இப்பதாகைகள் விகாரமாகத் தோன்றும். கன்னத்தில் பச்சைத் திட்டு, நெற்றியில் இளஞ்சிவப்பு, மூக்கின் ஓரம் நீலம். சாலையின் மறுபுறம் சென்றால் அவை ஒன்றுகலந்து சதையும் நிழலுமாக மாறும். இதற்கு எளிய இயற்பியல் விளக்கம் உண்டு. இயல்பான மனிதக் கண்ணின் பிரிதிறன் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 30 மீட்டர் தொலைவில் இது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய நுணுக்கம் எதையும் அத்தொலைவில் நிற்பவர் காண முடியாது. ஓவியர் அந்த நுணுக்கத்துக்கு உழைப்பைச் செலவிடவில்லை. மாறாக, அகன்ற தூரிகையால் நிறங்களை அருகருகே வைத்து, கலக்கும் வேலையைக் காண்பவரின் கண்ணுக்கு விட்டுவிட்டார். கணினித் திரையில் செம்மை, பச்சை, நீலப் புள்ளிகள் கலந்து பிற நிறங்களாகத் தெரிவதும் இதே கொள்கையின்படிதான். பதாகை ஓவியர்கள் இதனைக் கணக்கிட்டு அறிந்தவர்கள் அல்லர். சாரத்தில் ஏறி வரைந்து, இறங்கிச் சென்று எட்ட நின்று பார்த்து, மீண்டும் ஏறிக் கற்றவர்கள்.

மற்றொன்றும் கருதத்தக்கது. நிழற்படங்கள் நெடுங்காலம் கறுப்பு வெள்ளையாகவே வந்தன. எம்.ஜி.ஆரின் சட்டை என்ன நிறம், வில்லனின் முகத்தில் எவ்வளவு சிவப்பு என்பதையெல்லாம் தீர்மானித்தவர் ஓவியர். படம் கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் அதன் பதாகை வண்ணத்தில்தான் நின்றது. அவ்வகையில் பல படங்களுக்கு முதன்முதலில் நிறம் கொடுத்தவர்கள் இவர்களே.

எழுத்து

படத்தின் பெயரைக் கையால் எழுதுவது தனிக்கலை. தீப்பிடித்த எழுத்து, கல்லில் செதுக்கியது போன்ற எழுத்து, இரத்தம் சொட்டும் எழுத்து எனக் கதையின் தன்மைக்கேற்ப வடிவம் மாறும்.

பழைய சுவரொட்டி ஒன்றின் காலத்தைக் கணிக்க விரும்பும் மாணவர்க்கு இவ்வெழுத்துகள் உதவுகின்றன. 1978-இல் தமிழக அரசு, பெரியார் பரிந்துரைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன்னர் லை, ளை, ணை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற கொம்புடனும், ணா, றா, னா ஆகியவை துணைக்கால் தனியே நில்லாமல் எழுத்தோடு சுழித்தும் எழுதப்பட்டன. ஒரு சுவரொட்டியில் பழைய வடிவங்கள் இருந்தால் அது பெரும்பாலும் 1978-க்கு முற்பட்டது எனக் கொள்ளலாம். ஆனால் கை பழகிய வடிவத்தை எழுதுநர் அரசாணை வந்த மறுநாளே விட்டுவிடவில்லை. எனவே இதனைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

வடசென்னை

பட்டறைகளும் படக்கூடங்களும் கோடம்பாக்கத்தையும் நகரின் நடுப்பகுதியையும் சார்ந்திருந்தன. விநியோகத்தர்களின் அலுவலகங்கள் அண்ணா சாலையை ஒட்டிய மீரான் சாகிப் தெருவில் இருந்தன. அங்கிருந்து பதாகைகள் வடக்கே வந்தன. வண்ணாரப்பேட்டை மகாராணி, தண்டையார்ப்பேட்டை அகஸ்தியா, திருவொற்றியூர் ஓடியன் மணி முதலிய அரங்குகள் இப்பகுதியினரின் அரங்குகள். துறைமுகம், காசிமேட்டு மீன்பிடித் துறை, திருவொற்றியூரின் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., எண்ணூரின் அசோக் லேலண்ட், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என நீண்ட வேலைத்தலங்களின் வரிசை, அவ்வரங்குகளுக்கு ஆட்களை அனுப்பியது. வேலைக்குச் செல்லும் வழியில் பேருந்திலிருந்தோ மிதிவண்டியிலிருந்தோ சில நொடிகள் மட்டுமே பார்க்கப்படும் படம், அந்தச் சில நொடிகளில் முழுமையாகப் பேசியாக வேண்டும். பதாகையின் உரத்த நிறங்களை நாகரிகமற்றவை என்று குறைகூறியவர்கள், அது எவ்விடத்தில் யாருக்காக வைக்கப்பட்டது என்பதைக் கருதவில்லை.

ரசிகர் மன்றத்தினருக்குப் பதாகை வெறும் விளம்பரமன்று. அதற்கு மாலையிட்டனர், சூடம் காட்டினர், பால் ஊற்றினர். இவ்வழக்கத்தையும் பதாகைகளின் அரசியலையும் ஆராய்ந்த முதன்மையான நூல்களுள் ஒன்று, பிரெமிந்தா ஜேக்கப் எழுதி 2009-இல் வெளியான ஆங்கில நூலாகும்.

1967-இல் திறக்கப்பட்ட அகஸ்தியா அரங்கு 2020-இல், கொரோனா முடக்கத்தின்போது, நிலையாக மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, 1970-களின் வடசென்னைக் குத்துச்சண்டைக் குழுக்களைப் பற்றிய பா. ரஞ்சித்தின் சார்பட்டா பரம்பரை, திரையரங்கில் வெளியாகாமல் 2021 சூலை 22 அன்று நேரடியாக அமேசான் பிரைம் இணையத் தளத்தில் வெளியானது. அக்கால வடசென்னைத் தெருக்களையும் சுவர்களையும் கலை இயக்குநர் த. இராமலிங்கம் அப்படத்துக்காக மீண்டும் உருவாக்கியிருந்தார். வடசென்னையைப் பற்றி மிகுதியாகப் பேசப்பட்ட படங்களுள் ஒன்றுக்கு வடசென்னையின் எந்த அரங்கு வாசலிலும் பதாகை நிற்கவில்லை.

அதே இயக்குநரின் மெட்ராஸ் (2014 செப்டம்பர் 26) இப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. வியாசர்பாடிக் குடியிருப்பின் சுவர் ஒன்றில் வரையப்பட்ட அரசியல்வாதியின் பேருருவமும், அச்சுவர் யாருக்கு உரியது என்ற பகையுமே கதையின் மையம். சுவரோவியத்தை அலங்காரமாகக் கருதாமல் இடத்தின் மீதான உரிமைப் பத்திரமாக அப்படம் காட்டுகிறது. கதைநாயகன் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணிபுரிபவன் என்பதும் குறிப்பிடத்தக்கது. சுவரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, பகலில் கணினித் திரையைப் பார்த்துக் கொண்டிருக்கிறது.

வீழ்ச்சி

ஃபிளெக்ஸ் என்பது, நெகிழி பூசிய துணியில் கணினியிலிருந்து நேரடியாக மைதெளித்து அச்சிடும் முறை. ஒரு பட்டறை பல நாள் செய்யும் வேலையை இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்தது. ஒரே படத்தை எத்தனை ஊருக்கு வேண்டுமானாலும் மாற்றமின்றி எடுக்கலாம். நடிகரின் முகம் நிழற்படத்தில் உள்ளபடியே அமையும். தயாரிப்பாளர்கள் தயங்கக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

இதனோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. விளம்பரப் பலகைகள் தொடர்பான நீண்ட வழக்குகளின் முடிவில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தமிழக அரசின் கட்டுப்பாடுகளை ஏற்றது. அதனைத் தொடர்ந்து சென்னையில் பெரிய பலகைகள் அகற்றப்பட்டன. ஃபிளெக்ஸ் மலிவானதால் பிறந்தநாள், திருமணம், நினைவஞ்சலி எனப் பதாகைகள் பெருகின. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலைநடுவில் வைக்கப்பட்டிருந்த பதாகை விழுந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் முன்னணி நடிகர்கள் சிலர் தமக்குப் பதாகை வைக்க வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டனர். இன்று பதாகைகள் மீது எழும் நியாயமான சினம் ஃபிளெக்சின் பெருக்கத்தால் விளைந்தது. எனினும் பழைய ஓவியப் பதாகைகளும் சாரங்களில், சாலையோரங்களில்தான் நின்றன என்பதை மறைத்து அக்காலத்தைப் பொற்காலமாக்குவது சரியன்று.

பதாகைகள் எஞ்சாமைக்கு வேறொரு காரணம் உண்டு. படம் ஓடி முடிந்ததும் துணியை வெள்ளையடித்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்தினர். அதற்கும் உதவாதபோது அது கூரைக்கும் மூடுதுணிக்கும் போயிற்று. சென்னையின் மிகப் பெரிய ஓவியங்களுள் பெரும்பாலானவை இன்று நிழற்படமாக மட்டுமே உள்ளன. பலவற்றுக்கு அதுவும் இல்லை. அச்சிட்ட சுவரொட்டிகளும் பாட்டுப் புத்தகங்களும் ஓரளவு தப்பின. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய திரைப்பட அச்சுப் பொருள்களைப் பாதுகாக்கும் நிறுவனங்களுள் ஒன்று. ஓவியர்களே எழுதியவை மிகக் குறைவு. கோயம்புத்தூரில் பதாகை ஓவியராக விளங்கிய ஓவியர் ஜீவா, திரைச்சீலை என்னும் திரைப்பட நூலுக்காகத் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்பைப் பெற்றார். தமிழ், தெலுங்குப் படங்களுக்குச் சென்னையிலிருந்து சுவரொட்டி வடிவமைத்த ஈஸ்வர் தம் பட்டறிவைத் தெலுங்கில் நூலாக்கினார்.

மறுமலர்ச்சி

இச்சொல்லால் குறிக்கப்படும் நிகழ்வுகள் ஒரே தன்மையன அல்ல.

முதலாவது, அருங்காட்சியக மதிப்பு. 2002-இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்தியத் திரைப்பட விளம்பரக் கலைக்கெனக் கண்காட்சி நடத்தியது. தொடக்கத்தில் மும்பையில் திரைப்படப் பதாகைகள் வரைந்து பிழைத்த எம். எஃப். உசைன் பின்னாளில் பெற்ற புகழும் இத்துறையின் மீது ஒளி பாய்ச்சியது. ஆனால் சேகரிப்பாளர் வாங்குவது பெரும்பாலும் பழைய சுவரொட்டியை. அதன் விலை உயர்வதால் அதை வரைந்தவருக்கு வருவாய் ஏதும் இல்லை.

இரண்டாவது, பாணியின் மீட்சி. 2012-இல் பிரபுதேவா இயக்கிய இந்திப் படமான ரவுடி ரத்தோர், கையால் வரையப்பட்ட சுவரொட்டிகளைக் கொண்டு விளம்பரம் செய்தது. அதே ஆண்டில் மும்பையில் ஓவியர் ரஞ்சித் தாகியா தொடங்கிய பாலிவுட் ஆர்ட் புராஜெக்ட், பாந்திராவின் சுவர்களில் பழைய திரைப்பட உருவங்களை வரைந்தது. 2014-இல் தாதாசாகேப் பால்கேயின் பேருருவம் அங்கு எழுந்தது. இவை தூரிகையால் ஆனவை. இன்று இணையத்தில் பரவும் பழைய பாணிச் சுவரொட்டிகளுள் பெரும்பகுதியோ, கணினியில் எண்ணிம வரைபலகை கொண்டு வரையப்படுபவை. அவற்றை வரைபவர்கள் திறமையற்றவர்கள் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் தூரிகைத் தடத்தை மென்பொருளின் ஒரு தேர்வாகச் சேர்க்கும்போது, அத்தடம் தோன்றக் காரணமான தொலைவும் அளவும் அங்கே இல்லை; 9 மில்லிமீட்டர்க் கணக்கு கைப்பேசித் திரைக்குப் பொருந்தாது.

மூன்றாவது, எழுத்துருக்கள். தெருப் பலகை எழுதுநர்களின் எழுத்தைக் கணினி எழுத்துருவாக்கும் ஹேண்ட்பெயின்டட் டைப் என்னும் திட்டத்தை தில்லியில் ஹனீஃப் குரேஷி (மறைவு 2024) தொடங்கினார். விற்பனை வருவாயில் ஒரு பங்கு மூல எழுதுநருக்குச் செல்லும் ஏற்பாடு அதில் இருந்தது. தமிழில் தாரிக் அசீசின் கவிவனார் போன்ற கட்டற்ற எழுத்துருக்கள் கையெழுத்தின் சாயலைக் கணினிக்குக் கொண்டுவந்துள்ளன. ஆனால் தமிழ்த் திரைப்படத் தலைப்பெழுத்தின் தீயும் கல்லும் இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. தன்னார்வலர்கள் செய்யக்கூடிய பணி இது.

நான்காவது, கூலி கிடைத்த வேலை. சென்னை மாநகராட்சி 2009-இல் அண்ணா சாலை முதலிய இடங்களில் சுவரொட்டி ஒட்டுவதைத் தடைசெய்து, பொதுச் சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தது. வேலையிழந்திருந்த பதாகை ஓவியர்கள் பலருக்கு அப்பணி கிடைத்தது. வரையப்பட்டவை கோயில்களும் நடனக் காட்சிகளும். கலை விமரிசகர்கள் பெரிதாகப் பேசவில்லை. எனினும் பட்டறையில் பயின்ற கைகளுக்கு அவை பயின்ற அளவிலேயே சுவரைத் தந்த முயற்சி, மேற்கூறியவற்றுள் இதுவே எனலாம். சுவரொட்டியைத் தடுப்பதற்காகச் சுவரொட்டி ஓவியரை அமர்த்தியது இதன் முரண்.

பிற நாடுகளிலும் இதே பிரிவு காணப்படுகிறது. கானா நாட்டில் 1980-களிலும் 1990-களிலும் ஊர்ஊராகப் படம் காட்டிய நிகழ்படக் கொட்டகைகளுக்காக மாவுச் சாக்குகளில் வரையப்பட்ட சுவரொட்டிகள், பின்னர் மேலைநாட்டுச் சேகரிப்பாளர்களைக் கவர்ந்தன. இப்போது அங்குள்ள ஓவியர்கள் அவர்களின் கேட்பின்பேரில் வரைகின்றனர். தைவானின் தைனான் நகரில் உள்ள சுவான் மெய் திரையரங்கின் ஓவியர் யான் சென்ஃபா, அரங்கின் முகப்புக்குக் கையால் வரைவதைத் தொடர்ந்ததோடு, 2010-களில் பொதுமக்களுக்கு வகுப்புகளையும் தொடங்கினார். முதலாவது, ஓவியருக்குப் புதிய வாடிக்கையாளரைத் தந்தது. இரண்டாவது, திறனைக் கற்பவரைத் தந்தது. தமிழகத்தில் இவ்விரண்டும் பெரிய அளவில் நிகழவில்லை. தலைமை ஓவியர் முகம் வரைவதைப் பல ஆண்டுகள் அருகிருந்து பார்த்த உதவியாளர்களே இத்திறனின் கடைசி வழித்தோன்றல்கள். அவர்களுக்கு உதவியாளர்கள் இல்லை.

தூரிகை முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. காசிமேட்டில் விசைப்படகுகளின் பெயர்களும் பதிவெண்களும், துறைமுகச் சாலையில் வரிசையில் நிற்கும் சரக்குந்துகளின் பின்பலகைகளும், தேர்தல் காலச் சுவர் விளம்பரங்களும் இன்றும் கையால் எழுதப்படுவதுண்டு. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ தொடர்வண்டித் தடத்தின் வடபகுதி உயர்மட்டப் பாதையாக அமைந்ததால், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் புதிய தூண்களும் எழுந்தன. அவற்றில் அரசியல் சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன, கிழிக்கப்படுகின்றன, மீண்டும் ஒட்டப்படுகின்றன.